சாலையோரம் கை தூக்கி நின்றது

எதிரே வந்த டெம்போ இரண்டு முறை லைட்டை அடித்துக் காட்டியது. இந்த ஊரில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். குனிந்தேன்.

பெல்ட்டுக்காகத்தான். எங்கள் காரில் முன்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் பீப் பீப் என்று வழியெல்லாம் கத்தும். அதை அடக்க, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டிவிட்டு அதன்மேலேயே சாய்ந்துகொள்வேன். எதிரே வரும் வண்டி லைட் அடித்தால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். முகம் தெரியாத ஒரு டிரைவர் முகம் தெரியாத இன்னொரு டிரைவருக்குச் செய்யும் உபகாரம். உடனே பின்னால் இருப்பதைக் கழற்றி, மார்புக்குக் குறுக்கே இழுத்து, இடுப்பருகே துளையைத் தேடி மாட்ட வேண்டும். அதற்குக் குனியத்தான் வேண்டும்.

“மாமா நிக்கிறாரு போல. பெல்ட்டு போடுங்க” என்றாள் மனைவி. டிராஃபிக் போலீஸ் எங்கள் எல்லோருக்கும் மாமாதான். அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் எப்போதும் போல இடப்பக்கம்.

நாங்கள் சந்தாபுராவில் உறவினர் வீட்டுப் புதுமனை மந்திரிப்புக்கு, ஃபாதர் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளிக்கும் விசேஷத்துக்கு, போய்விட்டு பிரேசர் டவுனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் ஆனேகல் பக்கம். பள்ளி முடிந்து நேராக அங்கே வந்திருந்தாள். ஓசூர் ரோடு அடைத்துக் கிடக்கிறது என்று மேப் சிவப்பாகக் காட்ட, ஜிகணி வழியாகத் திரும்பி, பன்னேர்கட்டா காட்டை ஒட்டிப் போகும் ஒரு சின்னச் சாலையைப் பிடித்தாள். அவளுக்கு அது பழகிய வழி. கோடை மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்குப் போட வேண்டுமா வேண்டாமா என்று வண்டிகளுக்கே தெரியாத வெளிச்சம். பொழுது இன்னும் போகவில்லை, ஆனால் எதற்கும் ஓரம் இல்லை, மரமும் புதரும் தார் ரோடும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடந்தன.

துளை அகப்பட்டது. கொக்கி ‘டக்’ என்றது. அதே கணத்தில் இன்னொரு சத்தம். ஈர மூட்டையை மாடியிலிருந்து போட்டது போல. கார் ஒரு பக்கமாகக் குலுங்கி நின்றது. நான் நிமிர்ந்தபோது வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

“என்ன?”

அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, ரொம்பச் சாதாரணமான குரலில், “கையைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு” என்றாள்.

இறங்கினோம். இடப்பக்க ஹெட்லைட் உடைந்திருந்தது. பானெட்டின் ஓரம் உள்ளே போயிருந்தது. சாலையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் நிஜமாகவே ஒன்றும் இல்லை. கண்ணாடிச் சில்லுகளும் மழையும். போனில் டார்ச்சைப் போட்டு ஓரமாக நடந்தேன். புல் ஒரு இடத்தில் படுத்திருந்தது, அது மழைக்கும் படுக்கும். ஓர் அத்திமரம் சாலைப் பக்கமாக ஒரு கிளையைத் தாழ்த்தி நின்றது. அதற்கு அப்பால் காடு. “யாருப்பா?” என்று கூப்பிட்டேன். பிறகு கன்னடத்தில், “யாரப்பா?” காடு எந்த மொழியிலும் பதில் சொல்லவில்லை.

“மான்தான். இங்க மான் ஜாஸ்தி” என்றேன்.

“மானை எனக்குத் தெரியாதா? நாலு கால்ல நிக்கும். இது நிமிர்ந்து நின்னுச்சு. என் உயரம் இருந்துச்சு. கழுத்துல வெள்ளையா துண்டு. என்னைப் பார்த்துச்சு.”

“நீ நல்லா பார்த்தியா?”

“நீங்க பார்த்தீங்களா?”

அதுதான். இரண்டு பேர் இருந்த காரில் ஒரு சாட்சி. மற்றவன் தலை தன் மடியில் இருந்தது.

*

காலையில் நான் கீழே இறங்குவதற்கு முன்பே எங்கள் அபார்ட்மெண்டில் கார் துடைக்கிறவர் வேலையை முடித்திருந்தார். வருஷக்கணக்காக விடிவதற்கு முன் வந்து, ஈரத்துணியால் எல்லா வண்டிகளையும் துடைத்துவிட்டுப் போகிறவர். வெளியே போகப்போனவரை வாசல் கேட்டில் பிடித்தேன்.

“முன்னாடி ஏதாவது ஒட்டியிருந்துச்சாண்ணா? முடி, ரத்தம்?”

“நான் எங்க சார் பார்க்கிறேன்? துடைக்கிறேன், போறேன். பூச்சிங்க நிறைய இருந்துச்சு.” பிறகு உடைந்த விளக்கைப் பார்த்து, “மேடமா?” என்றார், கொஞ்சம் சிரிப்போடு.

“மான்.”

சிரிப்பு போய்விட்டது. “என் தம்பி பைக்குல போய் ஒண்ணு இடிச்சான் சார். கனகபுரா ரோட்டுல. இன்னும் அந்தக் கை முழுசா நீட்ட வராது.”

அதிலிருந்து ஆரம்பித்தது. யாரிடம் சொன்னாலும் அவர்களிடம் ஒரு மான் இருந்தது. லிஃப்டில் வந்த மூன்றாவது மாடிக்காரரிடம் ஒன்று: பந்திப்பூர் போகும் வழியில், விடியற்காலை, அவர் ஓட்டவில்லையாம், மைத்துனராம். மனைவியின் பள்ளியில் கணக்கு டீச்சரிடம் ஒன்று. கோயில் பாடகர் குழுவில் ஆர்கன் வாசிக்கிறவரிடம் ஒன்று, அவர் அதை இத்தனை வருஷம் தன் வீட்டில்கூடச் சொன்னதில்லையாம். எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று எல்லோரையும் கேட்டேன். “அப்பப்போ.” “மழை வந்தா.” “தெரியல, எனக்கு ஒரு தடவை.” எண்ணுகிறவர் யாரும் இல்லை. இடித்தவர்கள் நிறுத்தவில்லை, நிறுத்தியவர்கள் சொல்லவில்லை, சொன்னவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வருஷக்கணக்காக எதிரெதிரே வந்து குட் மார்னிங் சொல்லிப் போன முகங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளிமான் நின்றுகொண்டிருந்திருக்கிறது, வெளிச்சம் பட்ட கண்களோடு. அடுத்த சில நாட்கள் மார்க்கெட்டில் யாரைப் பார்த்தாலும் எனக்கு அதே நினைப்பு.

அவளுக்கு இந்தக் கதைகளால் எந்த ஆறுதலும் வரவில்லை. “அவங்க எல்லாரும் மானைப் பார்த்திருக்காங்க” என்பாள். “எனக்குத் தெரியணும். அது மனுஷனா இருந்தா எங்கேயோ கிடக்குறான். யாரும் தேடாதவனா இருந்தா?”

கார் சாவியைத் தொடுவதை விட்டாள். பள்ளிக்குப் பஸ்ஸில் போனாள். பஸ் மாறி, மறுபடி மாறி, கடைசியில் ஷேர் ஆட்டோ. பள்ளியில் முதல் பீரியடைத் தவறவிட ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் வேலையை விட வேண்டியதுதான் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை. இருபது வருஷமாக ஓட்டுகிறவள். என்னைவிட நன்றாக ஓட்டுகிறவள். எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறவள்.

டிங்கர் வேலைக்கு வண்டியை சிவாஜிநகருக்குக் கொண்டுபோனேன். அவளும் வந்தாள், பின்சீட்டில். பட்டறைக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து கிரில்லுக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

“மான்தானே ஸாப்? பன்னேர்கட்டா பக்கத்து வண்டிங்க வந்துக்கிட்டே இருக்கும் நம்மகிட்ட. முடி மாட்டிக்கிட்டு இருக்கும் உள்ள, பிரஷ் மாதிரி. இது சாஃபா இருக்கே. தோ டாலே க்யா? கழுவிட்டீங்களா?”

“துடைச்சிட்டாங்க.”

“அச்சா.” எழுந்து கையைத் துடைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் அவளைக் குத்தியது. திரும்பி வரும்போது ஆட்டோவில், “அவர் நம்பல” என்றாள். “நாம ஏதோ மறைக்கிறோம்னு நினைக்கிறாரு.”

அவளுடைய அக்கா ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறார். விஷயம் கேட்டு உடனே வந்தார், கையில் தீர்த்த பாட்டிலோடு. “வண்டி வாங்கி இவ்வளவு நாளாச்சு, ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிச்சீங்களா? ஊரான் வீட்டு மந்திரிப்புக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுட்டு வர்றீங்க, சொந்த வண்டிக்கு ஒரு சொட்டு தண்ணி இல்ல.”

“அக்கா, நான் அந்தோணியார்கிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன்” என்றாள் இவள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அவர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்.

“என்னன்னு வேண்டிக்கிற?”

“அதைக் காட்டுங்கன்னு.”

அக்கா பாட்டிலை மேசையில் வைத்தார். “அவர்கிட்ட சாவி கேக்கலாம், கண்ணாடி கேக்கலாம், கம்மல் கேக்கலாம். எதுன்னே தெரியாததைக் கேட்டா அவரே குழம்பிப் போயிடுவாருடி.” இவள் சிரித்துவிட்டாள். இடித்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம், அந்தச் சாலை சேரும் ஊரில். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பாதித் தமிழில் பேசினார். முழுவதையும் கேட்டுவிட்டு, “மானா இருந்தா ஃபாரஸ்ட் ஆபீசு. மனுஷனா இருந்தா இங்க. மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க மேடம்” என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். ஆனால் மேசைக்காரர் மனசு கெட்டவர் இல்லை. உள்ளே போய் விசாரித்து வந்தார். ஆஸ்பத்திரியிலும் போன் போட்டுக் கேட்டார்.

“யாரும் காணோம்னு வரல. யாரும் அடிபட்டும் வரல. போங்க, நிம்மதியா தூங்குங்க.”

“காணோம்னு சொல்ல ஆள் இல்லாதவங்க இருப்பாங்க இல்ல சார்?” என்றாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “அப்படிப் பார்த்தா மேடம், யாரும்தான் நிம்மதியா தூங்க முடியாது.”

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் அங்கே போக ஆரம்பித்தோம். அவள்தான் சொன்னாள்: “அதே வெளிச்சத்துல பார்க்கணும்.” நான் ஓட்டினேன். அவள் என் இடத்தில், இடப்பக்கம் உட்கார்ந்தாள், வீட்டு வாசலிலிருந்தே பெல்ட்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டு.

அத்திமரத்துக்குக் கொஞ்சம் முன்பாக, காடு தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை. ஓசூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் நடத்துகிறார். முதல் ஞாயிறு அங்கே வண்டியை நிறுத்தி, மனைவி கன்னடத்தில் கேட்டாள், இங்கே ஜிங்கெ, அதாவது மான், அடிபடுமா என்று.

“ஜிங்கெனா? பீள்த்தா இருத்தே” என்றார் அந்த அம்மா, பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். “விழுந்துக்கிட்டேதான் இருக்கும்மா. டமார்னு கேக்கும், நான் இங்க உக்காந்துக்கிட்டே ஆண்டவனேன்னுக்குவேன். காலைல போனா இருக்காது.”

“எங்க போகும்?”

“எதுவோ எடுத்துக்கிட்டுப் போவும். நாய் எடுக்கும். ஆளுங்க எடுப்பாங்க. காடே எடுத்துக்கும். நான் கேட்டதில்ல.” பாலை ஆற்றிக்கொண்டே, “நிறுத்திக் கேட்டது நீங்கதான்” என்றார்.

பெஞ்சில் ஒரு டெம்போ டிரைவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பேச்சு அவரிடமும் போனது. எதிர்வண்டி லைட் அடித்ததையும், போலீஸ் என்று நினைத்து நான் பெல்ட்டைத் தேடியதையும் சொன்னேன். அவருக்குப் புரை ஏறிவிட்டது.

“மழையில, இந்தக் காட்டுல, எந்த மாமா சார் வந்து நிப்பாரு? இந்த ரோட்டுல லைட் அடிச்சா முன்னாடி மான் நிக்குதுன்னு அர்த்தம். டவுன்காரங்க எல்லாரும் இப்படித்தான். நாங்க லைட் அடிப்போம். அவங்க பெல்ட்டு போட்டுக்கிட்டு ஜோரா போய் இடிப்பாங்க.”

நான் மனைவியைப் பார்த்தேன். இதோ, முடிந்தது, அன்று லைட் அடித்தவன் மானைப் பார்த்துத்தான் எச்சரித்திருக்கிறான்.

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். “அவன் பார்த்தது மான்” என்றாள் மெதுவாக. “அவன் போனதுக்கப்புறம் நான் பார்த்தது?”

டிரைவரின் சிரிப்பு நின்றது. பன் ஊறி டீக்குள் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

அத்திமரத்துக்கு எதிர்ப்புறம் வண்டியை ஓரம் கட்டி, விளக்கை அணைத்து, கண்ணாடியை இறக்கி உட்கார்ந்திருப்போம். எந்த மானும் வரவில்லை. வெளிச்சம் போகிற விதத்தைத்தான் அந்த ஞாயிறுகளில் கற்றுக்கொண்டோம். முதலில் பச்சை போகும், பிறகு தூரம் போகும், கடைசியில் சாலையின் வெள்ளைக் கோடு மட்டும் தானாகவே மிதக்கும். அந்த நேரத்தில் எதுவும் எதுவாகவும் இருக்கலாம். ஒரு கரையான் புற்று குந்தியிருக்கும் கிழவியாகி, மறுபடி புற்றாகும். மைல்கல் நகரும். என்னை யாரோ பார்க்கிறார்கள் என்று பிடரியில் தெரியும், திரும்பினால் இலைகள், ஆனால் இலைகள் அப்போதுதான் ஏதோ பேசி நிறுத்தியது போல இருக்கும். தாண்டிப் போகும் வண்டிகள் எங்களைப் பார்த்து விலகிப் போயின. விளக்கில்லாத கார், உள்ளே அசையாத இரண்டு உருவங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் எங்களைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்களோ.

ஒரு ஞாயிறு, நாள் முழுக்கப் புழுங்கிவிட்டு லேசாகத் தூறியது. அன்று வந்தது போலவே. அவள் சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

அத்திமரத்தடியில் யாரோ நின்றார்கள்.

வந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணை வேறு பக்கம் எடுக்காமலேதான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் பார்க்கவில்லை. ஒரு கணம் கிளையும் நிழலும். மறுகணம் அங்கே ஓர் ஆள். நிமிர்ந்து, ஒல்லியாக, வயிறு முழுக்க வெளுத்து, கழுத்தில் வெள்ளைத் துண்டு. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து, கிளையைப் பிடிக்கப்போகிறவன் போல. தள்ளாடாமல் நின்றது. மனிதன் நிற்கிற அளவு நேரம் நின்றது. என் வாயில் ‘யாரப்பா’ என்ற சொல் வந்து நின்றுகொண்டது.

பிறகு அந்தக் கைகள் அசைந்தன, இலைகளுக்குள். கைகள் இல்லை, கொம்புகள். தோல் மூடிய, மழுங்கிய, கிளைவிட்ட கொம்புகள். மார்பருகே மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தன அதன் முன்னங்கால்கள், அவசரமே இல்லாமல். கீழ்க் கிளையில் இலை தீர்ந்துவிட்டிருந்தது. பின்னங்கால்களில் எழுந்து மேல் கிளையிலிருந்து பறித்துத் தின்றுகொண்டிருந்தது ஒரு பெரிய கலைமான். தொண்டையின் வெள்ளைத் திட்டு மங்கலில் தனியாக எரிந்தது.

நின்றபடியே அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. மெல்லுவதை நிறுத்தாமல். அதுதான் இன்னும் எனக்குக் கனவில் வருகிறது. நான்கு கால் மிருகம் இரண்டு காலில் நின்று, வாய் நிறைய இலையோடு, நம் உயரத்திலிருந்து நம்மைப் பார்ப்பது. மான் என்று தெரிந்த பிறகும் பயம் குறையவில்லை. கூடியது.

பிறகு ‘தொப்’ என்று முன்னங்கால்களைச் சாலையில் இறக்கியது. தாரின் நடுவில். நாங்கள் வந்துகொண்டிருந்தால் எங்கள் பம்பருக்கு முன்னால். ஒரு முறை நின்று கடந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று, சின்னது ஒன்று. குளம்புச் சத்தம்கூட இல்லை. எதிர்ப்பக்கப் புதர் ஒவ்வொன்றாக உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது.

வெகுநேரம் கழித்து அவள், “அதே மானா இருக்காது” என்றாள்.

“இருக்காது.”

“நான் இடிச்சது செத்திருக்கும்.”

நான் கண்ணாடியை ஏற்றினேன்.

“ஆனா இப்படித்தான் நின்னுச்சு. இதேதான். துண்டு, கை, எல்லாம்.” அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்கவில்லை. மானுக்காக இருக்கலாம். இத்தனை நாள் அவள் மனசுக்குள் கிடந்த, யாரும் தேடாத அந்த ஆளுக்காகவும் இருக்கலாம். அவனைக் கொன்றவள் என்று தன்னை நம்பியிருந்தாள். அவன் பிறக்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. அதற்கும் அழுகை வரும்போல.

முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். “சாவியைக் கொடுங்க.”

“இப்பவா? டீக்கடை வரைக்கும் நான்...”

“நீங்க ரிவர்ஸ் எடுத்து இந்தக் கார் திரும்புறதுக்குள்ள விடிஞ்சிடும். இறங்குங்க.”

இடம் மாறினோம். அவள் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பிவிட்டாள். நான் பெல்ட்டை மாட்டினேன், முன்னால், ஒழுங்காக. நடக்கிறவன்கூட எங்களை முந்திப் போகலாம் என்கிற வேகத்தில் ஓட்டினாள்.

டீக்கடைக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு கார் வந்தது, நகரத்து நம்பர், நல்ல வேகம். அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் லைட்டை இரண்டு முறை அடித்தது.

அந்தக் கார் எங்களைத் தாண்டிய கணத்தில் உள்ளே பார்த்தேன். ஓட்டியவர் நன்றி என்பது போல ஒரு கையைத் தூக்கினார். வேகத்தைக் குறைக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவசர அவசரமாக முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, குனிந்துகொண்டிருந்தார்.

மனைவி பிரேக்கை மிதித்தாள். ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், எடுக்கவே இல்லை. கண்ணாடியில் அந்தச் சிவப்பு விளக்குகள் இரண்டும் அத்திமரத்தை நோக்கிச் சின்னதாகிக்கொண்டே போயின. ஹாரன் சத்தத்துக்கு மேலே வேறு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.